தொடாமல் காய்ச்சல் பார்த்த கதை

மார்கழி விடியலில் விருதுநகர் மாவட்டத்து எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டாரைப் போட்டால், குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரில் லேசாக ஆவி பறக்கும். கண்மாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாத நேரத்தில் போர் தண்ணீர் மட்டும் வெதுவெதுவென்று இருக்கும். குளிக்க வந்தவர்கள் தலையைக் கொடுத்துவிட்டுப் போவார்களே தவிர, அடுப்பு மூட்டியது யார் என்று கேட்க மாட்டார்கள். அதில் பாதிக் கணக்கு எளிது. சில பத்தடிகளுக்குக் கீழே மண்ணுக்குப் பனியும் தெரியாது, வெயிலும் தெரியாது. வருஷம் முழுக்க ஒரே சூடுதான். மீதிக் கணக்கில்தான் வில்லங்கம். இன்னும் கீழே போகப் போகச் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். எந்த வேகத்தில் ஏறும், இருபது கிலோமீட்டருக்குக் கீழே எவ்வளவு இருக்கும் என்பதைத் தோண்டாமலே சொல்ல மனிதனுக்கு நானூறு ஆண்டுகள் பிடித்தன. அதற்கான முதல் துப்பு கிடைத்தது கொல்லன் உலையில்.

எந்த ஊர்ப் பட்டறையிலும் பார்க்கக் கிடைக்கிற காட்சிதான். துருத்தி ஊத ஊத, அரிவாளுக்கான இரும்புத் துண்டு கருஞ்சிவப்பாகி, பிறகு செம்பருத்திப் பூவாகச் சிவக்கும். அந்தப் பதத்தில் ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டாது. பக்கத்தில் கிடக்கும் விறகுக் கட்டைக்கும் அந்த இரும்புக்கும் காந்தம் வித்தியாசம் பார்க்காது. துண்டு ஆறியதும் பழைய உறவு திரும்பிவிடும். சட்டென்று தாவி ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்து வைத்தியரான வில்லியம் கில்பர்ட் 1600ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டி மேக்னெட்’ நூலில் இந்த விந்தையையும் எழுதினார். பூமியே ஒரு பெரிய காந்தம் என்றும் எழுதினார். நெருப்பில் காந்தம் செத்துப்போகிறது, பூமி காந்தமாக இருக்கிறது என்ற இரண்டு சேதிகளும் ஒரே புத்தகத்தின் அட்டைகளுக்குள் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு நூற்றாண்டு கழித்து இந்தக் கதைக்குள் நுழைந்தவர் ஒரு குளிர் தாங்காத மனிதர். நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்த் திரும்பிய ஜோசப் ஃபூரியேவுக்கு அந்தப் பாலைவனச் சூடு பிடித்துப்போனது; பிரான்சுக்கு வந்த பிறகும் அறையை அனலாக வைத்துக்கொண்டு கம்பளிக்குள் கிடப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படி நகர்கிறது என்பதே அவருக்குப் பித்து. 1822இல் அது புத்தகமாக வந்தது. எத்தனை கோணல்மாணலான வளைவானாலும் அதைச் சீரான அலைகளாகப் பிரித்துவிடலாம், நீள அலை இவ்வளவு, குட்டை அலை இவ்வளவு என்று கணக்கெழுதிவிடலாம் என்பது அதில் இருந்த வித்தை. பூமிக்குள் இருக்கும் சூட்டையும் அவர் விடாமல் யோசித்தார். ஆனால் அந்த வித்தையைப் பூமியின் சூட்டோடு சேர்த்துவைக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் பிறக்கவே இன்னும் பல தலைமுறை பாக்கி.

இதற்கிடையில் சூட்டை உடம்பாலேயே அளந்தவர்கள் இருந்தார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கச் சுரங்கத்தைக் கையில் எடுத்ததும் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ச் சேர்ந்தார்கள். சுரங்கம் இறங்க இறங்கப் பாறை சுட்டது. பின்னாளில் 3 கிலோமீட்டரைத் தாண்டிய ஆழத்தில் பாறையின் சூடு 65 டிகிரியைத் தொட்டது. குளிர்ந்த காற்றைக் கீழே தள்ளாமல் அங்கே ஆள் நிற்க முடியாது. கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு டிகிரி என்ற அளவில் ஏறியிருக்கிறது. உலகத்துக் கணக்கில் அது மந்தமான ஏற்றம். கோலார்ப் பாறை பழைய பாறை, ஆறிப்போன பாறை. வியர்வை சிந்தி எடுத்த அந்தக் கணக்கும் மூன்று கிலோமீட்டரோடு நின்றுபோனது. அதற்கு வெகு கீழே மனிதன் போக முடியாது. போகக்கூடிய ஒன்றைக் கண்டுபிடிக்கும் வேலை பாரிஸில் ஒரு கூச்ச சுபாவக்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

பியேர் கியூரிக்கு முப்பத்தைந்து வயதாகியும் டாக்டர் பட்டம் இல்லை. ஆராய்ச்சி உண்டு, பேர் உண்டு, பட்டத்துக்கு எழுதிக் கொடுக்கத்தான் மனமில்லை. 1894இல் போலந்திலிருந்து வந்த ஒரு மாணவிக்கு எஃகு வகைகளின் காந்தத் தன்மையை ஆராய இடம் தேவைப்பட்டது; தெரிந்தவர் ஒருவர் அவரைக் கியூரியிடம் அறிமுகம் செய்துவைத்தார். மாணவியின் பெயர் மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா. காந்தம் சேர்த்துவைத்த ஜோடி என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சில்லை. அடுத்த ஆண்டே, 1895இல், கியூரி தன் ஆய்வை எழுதிக் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு கல்யாணமும் முடிந்தது. பொருள்களை உலையில் வைத்துச் சூடேற்றி, ஒவ்வொரு படியிலும் அவற்றின் காந்தத்தை அளந்திருந்தது அந்த ஆய்வு. இரும்பு போல் காந்தமேறும் ஒவ்வொரு பொருளுக்கும் காந்தத்தைக் கைவிடுகிற வெப்பநிலை ஒன்று உண்டு, அது தற்செயலானதில்லை என்று தெரிந்தது. இரும்புக்கு 770 டிகிரி. பாறைகளில் பரவிக் கிடக்கும் மேக்னடைட் என்ற கரும் கனிமத்துக்கு ஏறத்தாழ 580. பிற்பாடு ‘கியூரி வெப்பநிலை’ என்றே அதற்குப் பெயர் வந்தது. கொல்லன் உலையில் கண்ட வேடிக்கைக்கு எண் கிடைத்துவிட்டது. அந்த எண்ணைக் கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கியூரியின் கவனமோ வேறு பக்கம் திரும்பிவிட்டது. மனைவியோடு சேர்ந்து ரேடியத்தில் இறங்கியவர், 1903இல் ஆல்பெர் லபோர்துடன் ஒரு சோதனை செய்தார். ரேடியம் யாரும் மூட்டாமலே தானாகச் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் தன் எடைக்குக் குறையாத பனிக்கட்டியை உருக்கும் அளவுக்கு. பூமி ஏன் இன்னும் ஆறவில்லை என்ற பழைய புதிருக்கு அதில் பாதி விடை இருந்தது. பாறைக்குள் இருக்கும் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் காலங்காலமாகக் கங்கு போல் புகைந்துகொண்டிருக்கின்றன. அடுப்பில் எரியும் விறகையும் கண்டவர், அந்த அடுப்பின் சூட்டை அளக்கும் அளவுகோலையும் கண்டவர் ஒரே ஆள். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1906 ஏப்ரலில் பாரிஸ் தெருவொன்றில், மழை நாளில், பாரம் ஏற்றிய குதிரை வண்டியின் சக்கரம் அந்த வாய்ப்பை நசுக்கிவிட்டுப் போனது.

அதே ஆண்டுகளில் பம்பாயில் இன்னொரு வண்டியால் இன்னொரு தொல்லை. கொலாபா வானாய்வகத்தில் 1840களிலிருந்தே பூமியின் காந்தத்தை நாள் தவறாமல் அளந்து எழுதிவந்தார்கள். நகரத்தில் மின்சார டிராம் ஓடப்போகிறது என்ற சேதி வந்ததும் அதன் இயக்குநர் நானாபாய் மூஸுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. டிராம் கம்பியில் ஓடும் மின்சாரம் கருவியின் ஊசியை ஆட்டிவைக்கும். அறுபது வருஷப் பதிவின் தொடர்ச்சி அறுந்துபோகும். கடலுக்கு அந்தப் பக்கம் அலிபாகில், காந்தத்துக்கு வசப்படாத போர்பந்தர் கல்லால் புது ஆய்வகம் கட்டினார்கள். 1904 முதல் இரண்டு ஆண்டுகள் இரு இடத்திலும் ஒரே நேரத்தில் அளந்து, பழைய கணக்கைப் புதிய கணக்கோடு தைத்துச் சேர்த்த பிறகே கொலாபாவில் காந்த வேலையை நிறுத்தினார்கள். ஒரு டிராம் வண்டிக்கே மிரளும் இவ்வளவு மென்மையான அளவை, எஞ்சின் உறுமும் விமானத்தில் ஏற்றுவதை அன்று யாராவது பேசியிருந்தால் சிரித்திருப்பார்கள். அப்படி ஏற்றப்போகிறவர் அப்போது பிறந்திருக்கவே இல்லை.

1907இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த விக்டர் வாக்கியேவுக்குப் பத்து வயதானபோது ரஷ்யா புரட்சியில் கொந்தளித்தது. 1920இல் அந்தக் குடும்பம் ஒற்றைக் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில், உறைந்து கிடந்த பின்லாந்து வளைகுடாவைக் கடந்து தப்பியது. பிரான்ஸ் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்த பையன் இயற்பியல் படித்து, பிட்ஸ்பர்க்கில் கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலைக்கு அமர்ந்தான். எண்ணெய்க்காரர்களுக்கு மண்ணடுக்கு எவ்வளவு தடிமன், அடிப்பாறை எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்தாக வேண்டும். மணற்கல்லுக்கும் களிக்கல்லுக்கும் காந்தம் அநேகமாகக் கிடையாது. அடியில் உள்ள பழம்பாறைக்கு உண்டு. காந்தத்தின் கண்ணுக்கு மண்ணடுக்கு தெளிந்த கண்மாய்த் தண்ணீர் மாதிரி. ஊடுருவித் தரையைப் பார்த்துவிடலாம். அதற்காக வாக்கியே செய்த ‘ஃப்ளக்ஸ்கேட்’ கருவியில் ஊசியே கிடையாது. சுலபத்தில் காந்தமேறும் உலோகப் பட்டையும் கம்பிச் சுருளும்தான். ஆடினாலும் குலுங்கினாலும் அளக்கும்.

1941இல் அவரும் ஜேம்ஸ் அஃப்ளெக்கும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். எல்லோரும் காந்தப் பாறை எங்கே தொடங்குகிறது என்று தேடிக்கொண்டிருக்க, இவர்கள் அது எங்கே முடிகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்கள். கீழே போகப் போகச் சூடு ஏறும். 580 டிகிரியைத் தொட்ட இடத்தில் மேக்னடைட் காந்தத்தை இழக்கும். அதற்குக் கீழே பூமியின் மேலோடு காந்தக் கணக்கில் வெறும் கட்டை. அப்படியானால் காந்தம் முடிகிற ஆழம் தெரிந்தால், அந்த ஆழத்தின் சூடும் தெரிந்துவிட்டது என்றுதானே பொருள். கில்பர்ட் புத்தகத்தில் 341 வருஷம் தனித்தனியாகக் கிடந்த இரண்டு சேதிகளுக்கும் முடிச்சு விழுந்துவிட்டது. ஆனால் கட்டுரையின் மை காய்வதற்குள் யுத்தம் அமெரிக்காவின் வாசலைத் தட்டியது. சூடு ஒரு பக்கம் கிடக்கட்டும், கருவியைக் கொடு என்று கடற்படை வந்து நின்றது.

தண்ணீருக்குள் மறைந்து வரும் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் என்பது மிதக்கும் இரும்பு மலைதானே. கேட்டலினா விமானங்களில் காந்தமானியை ஏற்றிக்கொண்டு ஜிப்ரால்டர் நீரிணைக்கு மேல் தாழப் பறந்தார்கள். 1944 பிப்ரவரியில் யு-761 என்ற கப்பல் அந்தக் கண்ணிக்குள் மாட்டியது. இரண்டே மாதத்தில், அதே ஆண்டு ஏப்ரலில், அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் கடற்படையோடு சேர்ந்து பென்சில்வேனியாவில் பாயர்டவுன் பக்கம் விமானம் ஒன்றைப் பறக்கவிட்டது. இந்தத் தடவை தேடியது கப்பலை இல்லை, பாறையை. மாதக்கணக்கில் நடந்து அளக்க வேண்டிய நிலத்தைச் சில மணி நேரத்தில் அளந்து முடித்தார்கள். யுத்தம் முடிந்ததும் உலகம் முழுவதும் விமானங்கள் உழவுச் சால் மாதிரி வரிவரியாக வானத்தில் ஓடத் தொடங்கின. வரைபடங்கள் குவிந்தன. ஒவ்வொன்றும் ஆயிரம் மேடுபள்ளங்கள் கொண்ட கோலம். அந்தக் கோலத்துக்குள் ஒளிந்திருந்த ஆழத்தைப் படிக்கத்தான் ஆளில்லை.

படிக்கும் வழி திருவிழா மேளத்தில் இருந்தது. கோயில் வாசலில் நிற்பவருக்குத் தவிலின் ஒவ்வொரு விரலடியும், ஜால்ராவின் கூர்மையும் தனித்தனியாகக் கேட்கும். நாலு ஊர் தள்ளி வயலில் நிற்பவருக்குக் கூர்மையெல்லாம் கரைந்து, ஆழ்ந்த தொப்பி ஒலி மட்டும் வந்து சேரும். காந்தமும் அப்படித்தான். மேலே கிடக்கும் பாறை வரைபடத்தில் சிறுசிறு நெளிவுகளாகத் தெரியும். ஆழத்துப் பாறை அகலமான, சோம்பலான அலையாகத்தான் மேலே வரும். அலைகளைப் பிரித்துவிட்டால் ஆழம் பிடிபட்டுவிடும். அலையைப் பிரிக்க ஃபூரியே கையில் வித்தை இருந்தது. ஆனால் ஒரு வரைபடத்துக்கு அந்தக் கணக்கைப் போட அன்றைய கணினிக்கும் மூச்சு வாங்கியது. அந்தத் தடையை உடைத்ததோ அணுகுண்டு பயம்.

சோவியத் யூனியன் ரகசியமாகக் குண்டு வெடித்துப் பார்த்தால் நிலநடுக்கப் பதிவிலிருந்து அதைப் பிடிக்க வேண்டும், அதற்கு அலை பிரிக்கும் கணக்கு மின்னல் வேகத்தில் நடக்க வேண்டும் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் தவித்தார்கள். அந்த நெருக்கடியில் 1965இல் கூலியும் டியூக்கியும் வெளியிட்ட குறுக்கு வழி, உலகத்தின் எல்லா அலைக் கணக்குகளையும் வேகப்படுத்தியது. 1968இல் பி.எஸ். நாயுடு, தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும் காந்தப் பாறைகளின் அலைக்கணக்கு எப்படி இருக்கும் என்று எழுதினார். 1970இல் ஸ்பெக்டரும் கிராண்டும் அந்தக் கணக்கை வரைந்தால் சாய்வான நேர்க்கோடுகள் வரும், சாய்வே ஆழத்தைச் சொல்லும் என்று காட்டினார்கள். வெப்பத்துக்காகப் பிறந்த கணிதம், காந்தத்தைச் சுற்றிக்கொண்டு, வெப்பத்தின் வாசலுக்கே வந்து நின்றது. கதவைத் திறக்க வேண்டிய அவசரம் மட்டும் பாக்கி. அந்த அவசரத்தை அரபு நாடுகள் கொடுத்தன.

1973இல் எண்ணெய் விலை வானத்துக்குத் தாவியதும் பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்கும் யோசனைக்குத் திடீர் மவுசு வந்தது. எங்கே துளைத்தால் சூடு மேலாக இருக்கும் என்று தேடினார்கள். 1975இல் பிமல் கிருஷ்ண பட்டாச்சார்யா என்ற வங்காளப் பெயர்க்காரரும் லெய்-குவாங் லியூவும், வெந்நீர் ஊற்றுகள் பீய்ச்சியடிக்கும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவின் காந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டார்கள். காந்தப் பாறையின் அடிமட்டத்தை நேராகப் பார்க்க முடியாது. மேல்மட்டத்தின் சத்தம் அதை அமுக்கிவிடும். அதனால் மேல்மட்டத்தையும் நடுமட்டத்தையும் அளந்தார்கள். நடு 12 கிலோமீட்டர், மேல் 2 கிலோமீட்டர் என்று வந்தால், நடுவை இரட்டித்து மேலைக் கழித்தால் போதும், அடி 22. பலகையின் பாதித் தடிமன் தெரிந்தவனுக்கு முழுத் தடிமன் தெரியாதா என்ன. யெல்லோஸ்டோனில் எரிமலைக் குழிக்குக் கீழே அந்த அடிமட்டம் சுற்றுப்புறத்தைவிட மேலேறி நின்றது. துளை போடாமல், தொடாமல், பூமிக்குக் காய்ச்சல் பார்த்துவிட்டார்கள். 1985இல் ஒகுபோவும் கூட்டாளிகளும் ஜப்பானின் கியூஷூ தீவில் அதே வித்தையைச் செய்து காட்டினார்கள். எதிர்த்திசையில், ரஷ்யர்கள் கோலா முனையில் நேராகவே துளைத்துப் பார்த்தார்கள். 1989இல் 12,262 மீட்டரில் சூடு எதிர்பார்த்த 100 டிகிரிக்குப் பதிலாக 180ஐத் தொட, அதற்குக் கீழே துளைக்க முடியாமல் போனது. தொடாத வழிதான் வழி என்று உலகம் முடிவு கட்டிய வேளையில், அந்த வழி தமிழ்நாட்டுப் பாறையில் வந்து இடறியது.

1980களின் தொடக்கத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காகத் தமிழ்நாடு, கேரளப் பழம்பாறைப் பகுதிக்கு மேல், சமவெளியில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலும் மலைகளில் அதற்கு மேலும் விமானங்கள் வரிவரியாகப் பறந்தன. இந்த வானத்தில் காந்தம் அளப்பது லேசுப்பட்ட வேலையில்லை. பூமியின் காந்த நடுக்கோடு நாட்டின் தென்முனையை உரசிக்கொண்டு போகிறது. இங்கே திசைகாட்டி ஊசி தலை குனியாமல் கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். அதனால் காந்தப் பாறைக்கு மேலே வரைபடத்தில் மேடு வராது, பள்ளம் விழும். போதாததற்கு உச்சி வெயிலில், நூறு கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டம் ஒன்று காந்தத்தை ஏறக்குறைய 100 நானோடெஸ்லா அளவுக்குத் தூக்கிவிடும். பாறை சொல்கிற சேதியும் பல சமயம் அவ்வளவேதான். வானத்தின் கூச்சலைக் கழித்து, பாறையின் முணுமுணுப்பை மட்டும் பிரித்தெடுத்த வரைபடம் பல வருஷம் காத்துக் கிடந்தது.

2003இல் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் மிதா ராஜாராம் குழு அதில் அலைக்கணக்குப் போட்டது. தென்னிந்தியப் பழம்பாறையில் காந்த ஓடு மெல்லியது, அடிமட்டம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் என்று வந்தது. பாடப்புத்தகப்படி மீதியைப் பள்ளிப் பிள்ளையே போட்டுவிடும். 580 டிகிரியில் மேற்பரப்பின் 30ஐக் கழித்தால் 550. அதை 22ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 25 டிகிரி. பாறையின் வெப்பக் கடத்தல் 2.5 என்று வைத்துப் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 62 மில்லிவாட் சூடு மேலே வர வேண்டும். கண்டங்களின் சராசரிக்குப் பக்கத்தில் நிற்கும் கௌரவமான எண் அது. அதே ஆண்டில் ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள், துளைகளுக்குள் வெப்பமானியை இறக்கி நேரில் அளந்த கணக்கை வெளியிட்டார்கள். பழம்பாறைப் பகுதியில் பல இடங்களில் 40 மில்லிவாட்கூடத் தேறவில்லை. காந்தம் சொன்ன காய்ச்சல் உடம்பில் இல்லை.

யார் பொய் சொன்னது என்ற விசாரணையில் முதல் சாட்சி பாறையேதான். சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் கிடைக்கும் கருநீலப் பாறை ஒன்று, கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறைக்குக் கல்லாகப் போய், 1890களில் தாமஸ் ஹாலந்து கண்ணில் பட்டு, ‘சார்னோகைட்’ என்று பெயர் வாங்கியது. விருதுநகர் மாவட்டத்துக் கரிசலுக்கு அடியிலும் சார்னோகைட்டும் நைஸும் கிரானைட்டும்தான் கிடக்கின்றன. பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல்கூட ஆழத்தில் வெந்து உருமாறிய கல். இந்தப் பாறைகள் ஒரு காலத்தில் இருபது கிலோமீட்டருக்கும் மேல் கீழே வெந்தவை. மேலே இருந்த ஓடு கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போக, அடிவீடு மாடியாகிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் 22 கிலோமீட்டரில் காந்தம் முடிந்தால், அங்கே சூடு 580ஐத் தொட்டுவிட்டது என்று கட்டாயமில்லை. மேக்னடைட் உள்ள பாறை அங்கே தீர்ந்துபோய் வேறு பாறை தொடங்கியிருக்கலாம். உலையில் சிவந்த இரும்பும் காந்தத்துக்கு ஒட்டாது, குளிர்ந்து கிடக்கும் விறகுக் கட்டையும் ஒட்டாது. கொல்லன் உலையிலேயே கிடந்த அந்தப் பாடத்தை நானூறு வருஷமாகக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள்.

வித்தை செத்துவிட்டது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். சாகவில்லை, அடக்கம் கற்றுக்கொண்டது. ‘கியூரி ஆழம்’ என்று தைரியமாகச் சொன்னவர்கள் ‘காந்த மூலங்களின் அடிமட்டம்’ என்று ஜாக்கிரதையாகப் பேசத் தொடங்கினார்கள். 2007இல் தனஞ்சய் ராவத் குழு, சின்னச் சதுரத்தை வெட்டிக் கணக்குப் போட்டால் ஆழத்து அலை அதற்குள் அடங்காது, அடிமட்டத்தைப் போல் பல மடங்கு அகலம் வேண்டும் என்று எச்சரித்தது. 2011இல் ஐதராபாத்தின் ஏ.ஆர். பன்சலும் கூட்டாளிகளும், பாறையில் காந்தம் தாறுமாறாக இல்லை, இலை நரம்பு போல் பெரிய ஒழுங்குக்குள் சிறிய ஒழுங்காகப் பரவியிருக்கிறது என்று கொண்டு கணக்கைத் திருத்தி, ஜெர்மனியின் வரைபடத்தில் சோதித்தார்கள். திருத்திய கருவிக்கு இப்போது அது பிழைக்கத் தகுந்த நிலம் வேண்டியிருந்தது. அந்த நிலம் திருச்சுழிக்குக் கிழக்கே, குண்டாறு போகிற திசையிலேயே இருந்தது.

கமுதி, முதுகுளத்தூர் தாண்டி ராமநாதபுரம் போகப் போகப் பழம்பாறை அடியில் இறங்கி, அதன் மேல் மணலும் களியும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகக் கனக்கின்றன. காவிரிப் படுகையின் தெற்கு ஓரம் அது. 1964இல் காரைக்காலில் முதல் கிணறு தோண்டியதிலிருந்து எண்ணெய், இயற்கை வாயு நிறுவனம் அந்தப் படுகையைத் துளைத்து வருகிறது. ராமநாதபுரம் பக்கம் எரிவாயுவும் கிடைத்தது. களிக்கல் அடுக்கு பூமிக்குப் போர்த்திய கம்பளி. அடியிலிருந்து 50 மில்லிவாட் சூடு வந்தால் கிரானைட்டில் கிலோமீட்டருக்கு 17 டிகிரிதான் ஏறும். வெப்பத்தை மந்தமாகக் கடத்தும் களிக்கல்லில் 25 ஏறும். மூன்று கிலோமீட்டரில் முன்னது 80 டிகிரி, பின்னது 105. பழங்காலக் கடலுயிர்களின் எச்சம் வெந்து எண்ணெயாவதும் வேகாமல் கிடப்பதும் இந்தப் பதத்தில்தான். இங்கே காந்தம் மண்ணடுக்கை ஊடுருவி அடிப்பாறையின் மேலையும் அடியையும் சொல்லும். அது சரியா என்று பார்க்க எண்ணெய்க் கிணறுகளின் அடிச் சூடு கையில் இருக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறாவது பதம் பார்க்கக் கிடைத்துவிட்டது.

கடைசியில் 2017இல் சீனாவின் லி, லூ, வாங் மூவரும் உலகத்து விமான, கப்பல், செயற்கைக்கோள் காந்த அளவுகளைத் தொகுத்த தரவை எடுத்து, மொத்தப் பூமிக்கும் அடிமட்டக் கணக்கைப் போட்டு முடித்தார்கள். இன்று மின்நிலையத்துக்கு இடம் தேடுகிறவரும் எண்ணெய் தேடுகிறவரும் திரையில் சாதாரணமாகத் திறந்து பார்க்கும் அந்த வண்ண வரைபடம், மேலே ஏறி நிற்கும் அடிமட்டத்துக்குச் சிவப்பும் ஆழத்துக்கு நீலமும் பூசிய பூமிச் சூட்டு வரைபடம், பிறந்த கதை இதுதான். கொல்லன் உலை, குளிர் தாங்காத கணக்கர், பனிக்கடலில் தப்பிய சிறுவன், நீர்மூழ்கி, அணுகுண்டு பயம் எல்லாம் அந்த வண்ணத்துக்குள் கரைந்திருக்கின்றன. நீர்மூழ்கி தேடிய வாக்கியேவும் பின்னாளில் கடலடியின் வெப்ப ஓட்டத்தை அளக்கப் போய், 2009இல் தம் 101ஆவது வயதில் காலமானார்.

அந்த வண்ணத்தை நம்பலாமா என்று சொல்ல இப்போதும் தேவைப்படுவது ஒரு துளை. ஓடுகிற போர் அதற்கு உதவாது. ஏறி இறங்கும் தண்ணீர் சூட்டைக் கலக்கிவிடும். நீரோட்டம் இல்லாமல், ஆறி அடங்கி, பாறையின் சூட்டை அப்படியே வாங்கி வைத்திருக்கிற துளைதான் வெப்பமானி இறக்க வாகானது. அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் நகையை அடகு வைத்துத் தோண்டி, புகை மட்டும் கிளம்பி, சொட்டுத் தண்ணீர் வராமல் மூடி போட்டு விட்ட போர்கள் ஊருக்கு ஊர் உண்டு. சம்சாரிக்கு அது தோற்ற போர். பூமிக்குக் காய்ச்சல் பார்க்க வருகிறவருக்கு அதைவிடத் தோதான துளை கிடைக்காது.